நடுவரைப் பற்றி ஒரு வரி

4 மார்ச், செவ்வாய்

விளையாட்டுப் பிரிவினருக்கு,

வணக்கம். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க சார்" என்று உங்கள் அலுவலகப் பெண்மணி ஒருவர் நேற்று மாலை சொன்னார். நான் "சரி" சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. என் மனைவியின் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன், நன்றாகவே அடிக்கிறது. ஆக, என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். போகட்டும். எழுத்தில் கேட்டீர்கள், எழுத்தில் தருகிறேன்.

நான் நம் வட்டாரக் கால்பந்து லீக்கில் நடுவர். ஞாயிற்றுக்கிழமை துறைமுக அணிக்கும் பேக்கரி அணிக்கும் நடந்த ஆட்டத்தில் விசில் என் வாயில்தான் இருந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடியப்போகிற நேரம். பேக்கரி அணியின் பின்வரிசைக்காரர் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டினார். பெனால்டி கொடுத்தேன். துறைமுக அணி கோல் போட்டு ஜெயித்தது. நடந்தது இவ்வளவுதான்.

உங்கள் பேப்பர் என்ன எழுதியது? "நடுவரின் கண்மூடித்தனமான முடிவு பேக்கரி அணியின் உழைப்பை மண்ணாக்கியது." கண்மூடித்தனமாம். கை பட்ட இடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவு கிட்டே நின்றேன். உங்கள் நிருபர் எங்கே நின்றார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். மைதானத்தில் அவரை நான் பார்க்கவில்லை.

திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்த ஆட்டத்தின் நடுவர்


7 மார்ச், வெள்ளி

ஐயா,

போனை வைத்த பெண்மணி நான்தான். உதவி ஆசிரியர், விளையாட்டுப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிய கூடம் என்று நினைத்துவிட வேண்டாம். விளம்பரக்காரர்களுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இரண்டு மேசை, ஒரு சீஃப், ஒரு நான், மூன்று போன்.

திங்கட்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது முதல் போனில் ஒரு சலூன்காரர் இருந்தார். அவர் கடையில் யாராவது இருவர் பழைய ஆட்டம் பற்றிப் பந்தயம் கட்டுவார்கள், தீர்ப்பை நாங்கள் சொல்ல வேண்டும். "சீக்கிரம் சொல்லுங்க மேடம், ஒருத்தருக்குப் பாதி மீசைதான் எடுத்திருக்கேன்" என்றார். இரண்டாவது போனில் கராத்தே மாஸ்டர். அவருடைய மாணவர்கள் எல்லோருக்கும் பெல்ட் நிறம் மாறிவிட்டதாம், எல்லோர் படமும் வர வேண்டுமாம். மூன்றாவது போனில் நீங்கள். அன்றைக்கு அது எத்தனையாவது தடவை என்று உங்களுக்கே தெரியும்.

உள்ளூர் ஆட்டங்களுக்கு அனுப்ப எங்களிடம் நிருபர் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அணிக்காரர்கள் போன் செய்வார்கள், அவர்கள் சொல்வதை எழுதுகிறோம். விளையாட்டுப் பக்கத்தில் திருத்தம் போடும் வழக்கமும் இல்லை. "ஒருத்தருக்குப் போட்டா நாளைக்கு ஊரே வரிசையில நிக்கும்" என்பது சீஃப் கட்டளை. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உதவி ஆசிரியர்


10 மார்ச், திங்கள்

மேடம்,

மனதில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது?

நான் வேலைக்கு மின்சார மீட்டர் பார்ப்பவன். "நாங்க லைட்டே போடறதில்ல, இவ்வளவு எப்படி ஓடும்?" என்று கேட்காத வீடு கிடையாது. வாரம் முழுக்க அதைக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதுவும் பழகிவிட்டது. அச்சில் வாங்கியதுதான் பழகவில்லை. சென்ற வாரம் நான் போன தெருவில் ஒரு அம்மாள் மீட்டர் பெட்டியைத் திறந்துவிட்டுக் கேட்கிறார்: "பேப்பர்ல வந்தது நீங்கதானே? எண்ணு நல்லாத் தெரியுதா, இல்ல நான் படிச்சுச் சொல்லட்டுமா?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே உதவி செய்ய வந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போனில் சொன்னதை எழுதினோம் என்கிறீர்கள். சொன்னது யார்? ஜெயித்தவரா, தோற்றவரா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நடுவர்


14 மார்ச், வெள்ளி

நடுவர் அவர்களுக்கு,

தோற்றவர். பேக்கரி அணியின் மேனேஜர்.

உங்கள் கேள்விக்கு எரிச்சலோடுதான் பதில் தேடினேன். தேடியபின் எரிச்சல் என் பக்கம் திரும்பிவிட்டது. துறைமுக அணி ஏன் கூப்பிடவில்லை என்று அவர்களுடைய செயலாளரைக் கேட்டேன். "ஜெயிச்ச சந்தோஷத்துல மறந்துட்டோம் மேடம்" என்றார். பிறகு உட்கார்ந்து இந்த சீசனின் பக்கங்களை எல்லாம் புரட்டினேன். ஜெயித்தவர்கள் லாரியில் ஏறிப் பாடிக்கொண்டே போய்விடுகிறார்கள். தோற்றவர்களுக்குத்தான் யாரிடமாவது சொல்லி அழ வேண்டியிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கோணலை வாராவாரம் நாங்கள் தலைப்புப் போட்டு அச்சடித்திருக்கிறோம். எங்கள் பக்கத்தைப் படித்தால் இந்த வட்டாரத்தில் ஒரு நடுவருக்கும் கண் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஆறு வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன், ஓர் ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கிற நேரம்தான் நான் போனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம்.

சீஃபிடம் மறுபடி கேட்டேன். திருத்தம் கிடையாது என்றார். "அந்த விசிலுக்கு இன்னுமா பதில் எழுதிட்டிருக்க?" என்றார். இங்கே தொல்லை கொடுக்கிற எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. உங்கள் பெயர் விசில். மன்னிக்கவும்.

உதவி ஆசிரியர்


17 மார்ச், திங்கள்

மேடம்,

விசில் பரவாயில்லை. மைதானத்தில் என்னைக் கூப்பிடுகிற பெயர்களை எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பித் தந்துவிடுவார்.

இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். இம்மாதம் 29ஆம் தேதி நடுவர் குழு கூடுகிறது. அடுத்த சீசனுக்கு யார் யார் என்று அன்றுதான் முடிவு. உங்கள் பேப்பரில் வந்ததைச் செயலாளர் வெட்டிக் கோப்பில் வைத்திருக்கிறார். "பேப்பர்லயே வந்துடுச்சேப்பா, நான் என்ன பண்ணட்டும்?" என்கிறார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு தடவை பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் திரும்பச் சேர்த்த வழக்கம் இல்லை. என் வயதுக்கு அதோடு விசிலை ஆணியில் மாட்ட வேண்டியதுதான்.

சம்பளமா கிடைக்கிறது, எதற்கு இவ்வளவு பதற்றம் என்று என் மனைவி கேட்கிறாள். "அந்த ஒன்றரை மணி நேரம் நான் சொன்னா நடக்குதே" என்றேன். "அப்ப வீட்டுலயும் விசிலைக் கழுத்துல மாட்டிக்குங்க, நடக்குதான்னு பாப்போம்" என்றாள். சிரித்தேன். ஆனால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா உட்கார்ந்திருக்கிற என்னை எனக்குத் தெரியாது.

அன்றைய ஆட்டத்தில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. முதல் பாதியில் கார்னர் கொடுக்க வேண்டியதற்குக் கோல் கிக் கொடுத்துவிட்டேன். அதை யாருமே எழுதவில்லை.

நடுவர்


21 மார்ச், வெள்ளி

அன்புள்ள நடுவருக்கு,

என் மூன்று போன்களில் ஒன்றுக்கு உயிர் கொடுப்பவர் ஒரு பெண். பட்டப்பெயர் "அட்டெண்டன்ஸ்". வாராவாரம் கூப்பிட்டுத் தன் கணவர் பெயர் ஏன் வரவில்லை என்று கேட்பார். "கோல் போட்டவங்க பேரைப் போடறீங்க, கோல் விழாம தடுத்தவரு பேரைப் போட்டா மை தீந்துடுமா?" என்பார். குரல் கேட்டதுமே வைத்துவிடுவேன். உங்கள் ஆட்டம் நடந்த அன்றும் கூப்பிட்டார், அன்றும் வைத்தேன். நேற்றுத்தான் பொறி தட்டியது. அவர் கணவர் பேக்கரி அணியின் பின்வரிசைக்காரர்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது போல, நானே கூப்பிட்டேன்.

"நீங்களா கூப்பிடறீங்க?" என்று பயந்துபோனார். "நான் ஒண்ணும் தப்பாப் பேசிடலையே?"

அந்தப் பெனால்டி பற்றிக் கேட்டேன். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மடமடவென்று கொட்டிவிட்டார். "கையில பட்டுச்சு மேடம். வீட்டுக்கு வந்து அவரே சொன்னாரு. ரெஃப்ரி சரியாத்தான் கொடுத்தாரு, மேனேஜர்தான் பேப்பருக்குப் போன் பண்ணி இப்படிச் சொல்லிட்டாருன்னு, சாப்பிடாமக்கூடச் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டாரு. அதைச் சொல்லத்தான் அன்னிக்குக் கூப்பிட்டேன். நீங்க வச்சுட்டீங்க."

எனக்கு முகம் சுட்டது. இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"பேரோடவா?"

"பேரோட வந்தாத்தான் குழு நம்பும்."

"மூணு வருஷமா அவர் பேரு வரணும்னு உங்களைக் கெஞ்சினேன். இப்படியா மேடம் வரணும்?" என்றார். போனை வைத்துவிட்டார். இந்த மேசையில் எனக்கு ஒருவர் போனை வைத்தது இதுதான் முதல் முறை. ஆனால் நான் விடப்போவதில்லை.

உதவி ஆசிரியர்


24 மார்ச், திங்கள்

மேடம்,

விட்டுவிடுங்கள். கேட்டுக்கொள்கிறேன் என்று எழுத ஆரம்பித்தேன், இல்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன்.

அந்த மேனேஜர் அணிக்கு மட்டும் மேனேஜர் இல்லை. பேக்கரியில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று எழுதுகிறவரும் அவர்தான். தன் மேனேஜர் பேப்பரில் சொன்னது பொய் என்று ஒரு தொழிலாளி அதே பேப்பரில் சொன்னால் அவர் கதி என்ன? உங்களுக்கு அது ஒரு பத்தி. அவருக்கு அது அடுப்பு எரிவதும் எரியாததும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். என் மேல் விழுந்த பழியை எடுத்து அவர் தலையில் வைத்துவிட்டு நான் விசில் ஊத வேண்டியதில்லை.

முதலில் யார் சொன்னதையோ கேட்டு எழுதினீர்கள். இப்போது யாரும் சொல்லாமலே எழுதப் பார்க்கிறீர்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

29ஆம் தேதி என்ன நடக்குமோ நடக்கட்டும். இனி பதில் வேண்டாம்.

நடுவர்


28 மார்ச், வெள்ளி

நடுவரே,

பதில் வேண்டாம் என்றால் நான் எழுதக்கூடாதா? உங்களைக் கேட்டுக்கொண்டு நான் செய்தி போடுவதில்லை. யாரும் சொல்லாமல் எழுதுவதும் இல்லை. உங்கள் கடிதம் இரண்டு நாள் என் மேசையில் கிடந்து என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று முடிவு செய்து, அதை எழுதப் பேனாவும் எடுத்துவிட்டேன். அப்போது அவரே கூப்பிட்டார். பின்வரிசைக்காரர்.

"பேரோட போடுங்க மேடம்" என்றார்.

உங்கள் ஷிஃப்ட் என்ன ஆகும் என்று கேட்டேன். உங்கள் கடிதம் கேட்டதைத்தான் கேட்டேன்.

"ராத்திரி ஷிஃப்ட் போடுவாரு. போட்டா போடட்டும். அந்த மாவைப் பிசைய வேற ஆள் அவ்வளவு சுலபமாக் கிடைக்காதுன்னு அவருக்கே தெரியும்" என்றார். பிறகுதான் காரணத்தைச் சொன்னார். "எங்க தெருவுக்கு மீட்டர் பாக்க அந்த ரெஃப்ரிதான் வருவாரு. போன வாரம் வந்தாரு. கதவைத் திறந்தது நான். பேப்பர் மேசை மேலயே கிடந்துச்சு. ஒரு வார்த்தை கேப்பாருன்னு பாத்தேன். எண்ணை எழுதிக்கிட்டு, வர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தாத் தேவலை."

இதை எனக்கு நீங்கள் எழுதவே இல்லையே. மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதத் தெரிகிறது.

சீஃபிடம் போனேன். திருத்தம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. கையில் பட்டதாக வீரரே ஒப்புக்கொள்கிறார், இது செய்தியா இல்லையா என்று கேட்டேன். "இது திருத்தம் இல்லதான்" என்றார். இன்றைய பேப்பரில், மூன்றாவது பத்தியில் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். அந்த வரியில் உங்களுக்குக் கண் இருக்கிறது.

இன்னொன்று. இனி ஆட்ட முடிவுகளை அணிக்காரர்கள் சொல்ல வேண்டாம், நடுவர்களே போன் செய்யட்டும் என்று கேட்டிருக்கிறேன். சீஃப் சரி என்றார். உங்கள் எண்ணின் தடையை எடுத்தாயிற்று. அதற்காகக் காலையிலிருந்து அடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

நாளைக்குக் கூட்டம். முடிவை எழுதுங்கள்.

உதவி ஆசிரியர்


31 மார்ச், திங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

கோபத்தில் எழுதிய கடிதத்துக்கு வருந்துகிறேன். எழுதியதற்கு இல்லை, "இனி பதில் வேண்டாம்" என்ற வரிக்கு.

கூட்டத்தில் செயலாளர் பழைய செய்தியை எடுத்து மேசையில் வைத்தார். நான் என் பையைத் திறப்பதற்குள் புதியதையும் அவரே எடுத்து அதன் மேல் வைத்தார். "பேப்பர்லயே வந்துடுச்சேப்பா" என்றார். அதே மனிதர், அதே வார்த்தை. இருவர் முணுமுணுத்தார்கள். ஒருவர் நான் அடிக்கடி போன் செய்து தொல்லை கொடுப்பதாகச் சொன்னார், அதை மறுக்க முடியவில்லை. கடைசியில் என்னைப் பட்டியலில் வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து சைக்கிளைத் திறக்கப் பார்த்தால் சாவி பூட்டில் நுழையவில்லை, கையில் இருந்தது வீட்டுச் சாவி.

அந்த வீட்டில் நான் பேசாமல் வந்தது பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. தொண்டை வரை வந்தது. மீட்டர் பார்க்கப் போன இடத்தில் நான் நடுவர் இல்லை என்று விழுங்கிக்கொண்டேன். இப்போது அவருக்கு இரவு ஷிஃப்ட்தான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

வரும் ஞாயிறு இறுதி ஆட்டம். பேக்கரி அணியும் பால் பண்ணை அணியும். விசில் என்னிடம். பேக்கரி அணிக்கு என் மேல் ஆட்சேபம் உண்டா என்று குழு கேட்டதாம். அணியில் எல்லோரும் கைதூக்கி இல்லை என்றபின் மேனேஜரும் தூக்கினாராம், அரைக்கையாக.

ஆட்ட முடிவை நான்தான் போனில் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் ஒரு தடவையாவது நீ வந்து உன் கண்ணால் பாரேன். போனைச் சீஃப் எடுக்கட்டும். சலூன்காரரை அவரும் ஒருநாள் அனுபவிக்கட்டும்.

அண்ணன், நடுவர்


7 ஏப்ரல், திங்கள்

அண்ணா,

வந்தேன். கோலுக்குப் பின்னால், நீலக் குடையோடு நின்றேன். பக்கத்தில் யார் என்று நினைக்கிறீர்கள்? அட்டெண்டன்ஸ். குரலை வைத்து ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தோம். பிறகு ஆட்டம் முடியும்வரை என் மணிக்கட்டை விடவில்லை, இன்னும் சிவந்திருக்கிறது.

போனில் கேட்ட ஆட்டம் வேறு, இது வேறு. இவ்வளவு ஓடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. பந்து இருக்கும் இடத்தில் எல்லாம் நீங்களும் இருக்கிறீர்கள், பந்துக்கு வியர்ப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாதியில் பேக்கரி ஆளைத் தள்ளினார்கள், நீங்கள் விசில் ஊதவில்லை. அப்போது "ரெஃப்ரி, கண்ணு தெரியலையா?" என்று ஒரு பெண் கத்தினாள் அல்லவா? நான்தான். இத்தனைக்கும் பிறகு, என் வாய். கத்திய பிறகுதான் எனக்கே கேட்டது. அட்டெண்டன்ஸ் என்னைப் பார்த்து, "தள்ளல மேடம், அவரா விழுந்தாரு" என்றாள்.

செய்தியை நானே எழுதினேன். இன்று வந்திருக்கிறது. காலையில் அவள் கூப்பிட்டாள். "வந்துடுச்சு மேடம், தடுத்தாருன்னு வந்துடுச்சு" என்றாள், அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. இரவு ஷிஃப்ட் இந்த வாரத்தோடு முடிகிறதாம். கோப்பையோடு படம் எடுத்துக்கொண்ட மேனேஜருக்கு மனசு இளகிவிட்டதாம். அடுத்த வாரமும் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். "சீசன் முடிஞ்சுடுச்சே, என்னன்னு கூப்பிடறது?" என்றாள். எனக்கு என்னவோ போலிருந்தது. சும்மாவே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதைச் சீஃபிடம் சொல்லிவிடாதீர்கள்.

தங்கை


9 ஏப்ரல், புதன்

அன்புள்ள தங்கைக்கு,

கத்தியது கேட்டது. குரலும் தெரிந்தது, "எழுத்துல குடுங்க சார்" என்று போனை வைத்த அதே குரல். சிரிப்பு வந்துவிட்டது. விசில் வாயில் இருந்ததால் தப்பித்தேன்.

உன் செய்தியை வீட்டில் உரக்கப் படித்தேன். பேக்கரி அணி ஒரு கோலில் ஜெயித்தது, கோல் போட்டவர் பெயர், கடைசி நிமிடத்தில் கோட்டருகே பந்தைத் தடுத்த பின்வரிசைக்காரர் பெயர், இரண்டு அணியும் கைகுலுக்கிப் பிரிந்தது. அவ்வளவுதான் இருந்தது. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். பிறகு கத்தரிக்கோல் கேட்டேன்.

என் மனைவி எடுத்து வந்து கொடுத்துவிட்டு, அவளும் ஒருமுறை படித்தாள்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க? உங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே" என்றாள்.

"அதான்" என்றேன். குறை இல்லாத ஆட்டத்தில் நடுவர் பேப்பரில் வரமாட்டார்.

வெட்டி, கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன்